கோல் மேல் வைத்த கை

இதை எழுத வேண்டும் என்று நினைத்தே பல வருடங்கள் ஓடிவிட்டன. வெள்ளிக்கிழமைகளில் எல்லையம்மன் கோயிலுக்குப் போய், பூசாரியிடம் பூ வைத்துக் கேட்கச் சொல்வேன். என்ன கேட்கிறேன் என்று அவரிடம் சொல்ல மாட்டேன், மனசுக்குள் கேட்டுக்கொள்வேன். அம்மன் தோளில் ஈரப் பூவை ஒட்டிவைத்தால், சம்மதம் என்றால் அது வலது பக்கம் விழும். எங்கள் குப்பத்தில் பெண் கொடுப்பதோ புது வலை வாங்குவதோ எதுவானாலும் அப்படிக் கேட்டுத்தான் செய்வோம். எனக்கு அந்தப் பூ விழாமலே காய்ந்துபோகும். சில நாள் இடது பக்கம் விழும். நானும் திருநீற்றை வாங்கிக்கொண்டு வந்து உலை வைத்துவிடுவேன்.

அம்மன் தடுத்ததைவிட என் பயம் தடுத்ததுதான் அதிகம். என் மகள் ஒரு இடத்தில் இருக்கிறாள், நான் ஒரு இடத்தில் இருக்கிறேன். நான் எழுதுகிற ஒரு வார்த்தை அங்கேயும் குத்தும், இங்கேயும் குத்தும். எட்டாவது வரைதான் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன ஆடியில் பூ வலது பக்கம் விழுந்தது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் குப்பம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிறது. பாலத்தைத் தாண்டினால் பழவேற்காடு. அங்கே ஒரு இறால் ஷெட்டில் நானும் என் மகளும் வேலை பார்த்தோம். ஐஸில் கிடக்கிற இறாலைத் தலை கிள்ளிப் போட வேண்டும், கூடைக்கு இவ்வளவு என்று கூலி. விரல் நுனியெல்லாம் வெந்த மாதிரி வெளுத்துப்போகும். இருந்தாலும் அது எங்களுக்கு அடுப்புச் செலவு. கடல் இல்லாத நாளில் அதுதான் சோறு.

ஒரு நாள் காலையில் ஷெட் வாசலில் ஒரு வேன் வந்து நின்று, முகாம் பெண்கள் இறங்கினார்கள். இலங்கையில் சண்டைக்குப் பயந்து வந்து, வருஷக்கணக்காய் முகாமிலேயே இருக்கிறவர்கள். முகாம் எங்களுக்குப் பஸ் மாறிப் போகிற தூரம். அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தோமே தவிர, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. அந்த வாரமே முதலாளி எங்களைக் கூப்பிட்டார்.

"அவுங்க கம்மிக் கூலிக்குக் கிள்றாங்க. உங்களுக்கும் அதுதான். இஷ்டம்னா உக்காருங்க, இல்லன்னா வூட்டுக்குப் போங்க."

என் பக்கத்து வீட்டுக்காரி கூடையைத் தட்டி வைத்துவிட்டு எழுந்தாள். "உசுருக்குத் தப்பிச்சி வந்தாங்கன்னு டிவியில பாத்து அழுதேன். இப்ப என் கூடையிலயே கைய வெக்கிறாங்க. அழுத கண்ணீரத் திருப்பிக் குடுக்கச் சொல்லு."

எல்லாரும் சிரித்தார்கள். முகாம் பெண்களுக்கும் கேட்டது. அவர்கள் தலையை நிமிர்த்தவில்லை.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாளுக்கு என் வயசுதான் இருக்கும். நான் அவளுடன் பேசவே இல்லை. தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தள்ளி வைத்தேன். ஒரு நாள் அவளாகவே சொன்னாள்.

"எங்களுக்கும் இது காணாது அக்கா. வானில ஏத்திக்கொண்டு வாறவன் சொல்றதுதான் கூலி. கூடக் கேட்டா நாளைக்கு வேற முகாமில இருந்து ஆக்களைக் கொண்டு வருவான். நாங்கள் என்ன செய்யிறது?"

அன்றைக்குச் சொம்பை நடுவில் வைத்தேன்.

கொஞ்ச காலத்தில் எங்கள் குப்பத்துப் பெண்பிள்ளைகளை ஏற்றிப்போகக் கம்பெனி பஸ் வர ஆரம்பித்தது. இளசுகள் எல்லாம் யூனிபார்ம் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். முகாம் ஆட்கள் மட்டும் இல்லையென்றால் ஷெட்டை மூடியிருப்பார்கள், எங்களைப் போன்ற வயசான கைகளுக்கும் வேலை போயிருக்கும். கூலியைக் குறைத்தவர்களும் அவர்கள்தான், ஷெட்டை நிறுத்தி வைத்தவர்களும் அவர்கள்தான். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் பிடிக்காது. கடைத்தெருவில் கேட்டால் துணிக்கடைக்காரர், "முகாமுக்குப் பணம் வர்ற வாரம் வந்து பாருங்க, எங்க கடையில நிக்க எடம் இருக்காது" என்பார். அவர் கடைக்கு எதிரிலேயே பெயின்டர்கள் நிற்பார்கள். "எங்க வேலையெல்லாம் அவுங்களுக்குப் போச்சு" என்பார்கள். இருவர் சொல்வதும் உண்மை.

அந்த அம்மாளுக்கு ஒரு மகன். அவனும் பெயின்ட் வேலைதான். எங்கள் எல்லையம்மன் கோயில் கோபுரத்துக்கு வர்ணம் பூச மேஸ்திரி ஒருவர் ஆள் கூட்டி வந்தபோது, அதில் அவனும் வந்தான். மத்தியானம் மற்றவர்கள் நிழலில் படுப்பார்கள். அவன் மட்டும் கரையில் வந்து என் வீட்டுக்காரர் வலை கட்டுகிற இடத்தில் உட்கார்ந்துவிடுவான். ஒரு நாள் ஊசியை வாங்கிக் கிழிசலைப் பின்ன ஆரம்பித்தான்.

"எங்க கத்துகினே?" என்று அவர் கேட்டார்.

"அப்பாவோட களப்பில நிண்டனான். பத்து வயசில இங்க வந்திட்டம். பிறகு தண்ணியைக் காணேல்ல. பெயின்ட் வாளிதான்." களப்பு என்று அவன் சொன்னது அவர்கள் ஊர் ஏரியை.

அவர் இராத்திரி சாப்பிடும்போது, "அந்தப் பையனோட கை கடல் கைடி. வாளி புடிக்கிற கை இல்ல" என்றார். என் மகள் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள், அதுவும் ஒரே கிண்ணத்தை. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

கல்யாணத்துக்குக் குப்பத்தில் பெரிய எதிர்ப்பு இல்லை என்பதையும் எழுத வேண்டும். அவர்களும் கடல் தொழில் செய்கிற ஜனம் என்பதால் சாதிப் பேச்சு எழவில்லை. பெரியதனக்காரர், வெளியாட்கள் ஊர்த் தலைவர் என்று சொல்வார்களே அவர், வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். ஷெட்டில் கண்ணீரைத் திருப்பிக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரிதான் மணப்பெண்ணுக்குச் சடை பின்னினாள். நான் சொம்பைத் தள்ளி வைத்த அம்மாள் சம்பந்தியாகிவிட்டாள். அம்மன் எங்கேயோ இருக்கிற இரண்டு கயிற்றை எடுத்து முடிச்சுப் போட்டுவிட்டாள் என்று நினைத்துக் கைகூப்பினேன்.

அவனால் குப்பத்திலேயே தங்க முடியாது. முகாமில் குறித்த நாளில் செக்கிங் உண்டு. பேர் இருக்கிறவர்கள் எல்லாம் அதிகாரி முன்னால் வரிசையில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். ஆள் இல்லை என்றால் பேரை அடித்துவிடுவார்கள். அதனால் ஒரு செக்கிங்குக்கும் அடுத்த செக்கிங்குக்கும் நடுவில் சொல்லிவிட்டு வந்து தங்குவான், திரும்பிப் போவான். மகள் என்னோடு இருந்தாள். குழந்தையும் பிறந்தது, பெண். இப்படியே போய்விடும் என்று நினைத்தோம்.

குழந்தை தவழ ஆரம்பித்தபோது என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது.

இங்கே பாடு என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். ஏரியில் இறால் ஓடுகிற இடங்களைப் பாடு என்போம். வருஷம் ஒருமுறை கோயில் வாசலில் சீட்டுப் போட்டு, எந்த நாள் எந்தப் பாடு யாருக்கு என்று முறை வைப்பார்கள். உங்கள் முறை வந்தால் அன்றைக்கு அந்தத் தண்ணீர் உங்களுடையது. வேறு எவனும் அங்கே வலை இறக்க மாட்டான். தண்ணீர் வற்ற ஆரம்பிக்கும்போது கோல் நட்டு, கோலுக்குக் கோல் வலை கட்டி, இறங்குகிற இறாலை மறிக்க வேண்டும். இந்த முறைக்கு உரியவர்களின் இடம் எங்கள் குப்பத்தில் இவ்வளவுதான் என்று முன்பே முடித்துவிட்டார்கள். முகத்துவாரம் மணல் மூடி மூடி ஏரி சுருங்கிப்போனது, பாடு குறைந்துபோனது. புதிதாக ஒரு ஆளைச் சேர்த்தால் எல்லாருக்கும் முறை ஒரு நாள் தள்ளிப்போகும். அதனால் அப்பன் இடம் ஒரு மகனுக்கு. மகன் இல்லையென்றால் அண்ணன் தம்பி மகனுக்கு. முறை வந்த நாளில் கோல் நடாமல் விட்டால் இடமே போய்விடும்.

எங்களுக்கு மகன் இல்லை. என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு இரண்டு மகன்கள். அண்ணன் இடம் பெரியவனுக்குப் போய்விட்டது. சின்னவன் இடமில்லாமல், மற்றவர்களின் ஃபைபர் போட்டில் கடலுக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். அவனுக்கும் குழந்தைகள் இருக்கின்றன. அவன் கெட்டவன் இல்லை. இதை இரண்டு தடவை வேண்டுமானாலும் எழுதுவேன்.

மகள்தான் முதலில் கேட்டாள். "நைனா எடத்த எங்க வூட்டுக்காரு பேருக்கு மாத்தச் சொல்லும்மா. அப்ப அவரு இங்கயே இருந்துடுவாரு. புள்ளைய முகாம் கதவுக்குள்ள வளக்க என்னால ஆவாது."

அந்த இடம் கிடைத்தால் அவர்கள் குப்பத்தில் குடும்பம் நடத்தலாம். கிடைக்காவிட்டால் என் மகளும் பேத்தியும் முகாமுக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகு என் வீட்டில் நடந்ததெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

பஞ்சாயத்து கோயில் வாசலில் கூடியது. பெண்கள் ஓரமாகத்தான் நிற்க வேண்டும். அந்தச் சின்னவன், அண்ணன் மகன், எழுந்து சொன்னான்:

"சித்தி மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா நான் எங்க போறது? அவருக்கு மாசமானா கவர்மெண்டு அரிசி குடுக்குது. எனக்கு எந்த கவர்மெண்டு குடுக்குது?"

யாரோ பின்னாலிருந்து, "கோயிலுக்குப் பெயின்ட் அடிச்சா ஊர்க்காரனா ஆயிடுவானா? அப்ப மேஸ்திரிக்கு ரெண்டு பாடு குடுக்கணும்" என்றான். சிரிப்பு எழுந்தது. மருமகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்கு மேலே அவன் பூசிய நீலக் கோபுரம் இருந்தது.

பெரியதனக்காரர் கையை உயர்த்தினார். "மருமகன் மகன் மாதிரிதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு காலு இங்க, ஒரு காலு அங்க வெச்சிகினு இருக்கிறவனுக்குப் பாடு குடுக்க முடியாது. நாளைக்கி நாலு பொண்ணு முகாம்ல கட்டினா நாலு பாடு போவும். முகாம்ல பேர எடுத்துட்டு வரட்டும். ஊரோட இருக்கட்டும். அப்ப பேசலாம்."

நியாயம் போலத்தான் இருந்தது. மறுநாளே மகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு முகாம் அதிகாரியைப் பார்க்கப் போனேன். அவர் உட்காரச் சொன்னார், குழந்தைக்குப் பிஸ்கட் கொடுத்தார். நல்ல மனுஷர்.

"அம்மா, பேர எடுக்கணும்னா அவர் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போறேன்னு எழுதித் தரணும். வெளியில தங்குறேன்னு கேட்டா மேலிடத்துக்கு அனுப்பணும். எப்ப பதில் வரும்னு என்னால சொல்ல முடியாது. சும்மா பேர அடிச்சிட்டு வந்தார்னு வையுங்க, நாளைக்குக் கடல் போலீஸ் நீ யாருன்னு கேட்டா எதைக் காட்டுவார்? அதுவும் உங்களது கடற்கரை ஊர்."

திரும்பி வந்து பெரியதனக்காரரிடம் அப்படியே சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அவுங்க சட்டம் அவுங்களுக்கு, நம்ம கட்டுப்பாடு நமக்கு. ரெண்டுக்கும் நடுவுல நீ வந்து மாட்டிகினே. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு?"

ஊர் சொல்வதை அரசாங்கம் விடாது. அரசாங்கம் சொல்வதை ஊர் ஏற்காது. இருவர் மேலும் கோபப்பட முடியவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வேதனை. யாராவது ஒருவர் கொடுமைக்காரராக இருந்திருந்தால் அம்மன் முன்னால் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்திருப்பேன்.

கடைசியில் ஒரு வழி கிடைத்தது. எங்கள் வழக்கத்தில் முதல் கோல்தான் முக்கியம். இடத்துக்கு உரியவன் முதல் கோலை நட்டுவிட்டால், மிச்சக் கோலுக்குப் பக்கத்து ஆட்கள் கை கொடுப்பார்கள். உரியவன் உடம்பு முடியாதவனாக இருந்தால் படகில் உட்கார்ந்து கோல் மேல் கை வைத்தால் போதும், கூலி ஆள் அதை இறக்கலாம். கை வைக்காமல் சொந்தக்காரன் ஒருவன் நட்டால் இடம் அந்தச் சொந்தக்காரனுக்குப் போகும். இது முன்னோர் காலத்திலிருந்தே உள்ளது. அண்ணன் மகனைத்தான் முதலில் கூலிக்குக் கேட்டேன்.

"எனக்கு வர வேண்டிய எடத்துல நானே கூலிக்கு வரணுமா, சித்தி?" என்றான். அவன் கேட்டதிலும் தப்பில்லை.

ஆகவே மருமகன் கூலியாக வந்தான். மாமனார் படகில், தனக்குக் கிடைக்காத தண்ணீரில். முறை நாளில் இவரைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்குவான். படகில் மணையைப் போட்டு உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுப்பான். பாட்டுக்குப் போனதும் கோலை நிமிர்த்திப் பிடிப்பான். இவர் வலது கையை அதன் மேல் வைப்பார். "இறக்கட்டோ மாமா?" என்று கேட்டு, அவர் தலையசைத்த பிறகுதான் இறக்குவான். நான் கரையிலிருந்து அதைப் பார்த்துக் கும்பிடுவேன். அடுத்த முறை எப்போது, செக்கிங் எப்போது என்று காலண்டரைப் பார்த்துப் பார்த்து என் கண் பூத்துவிட்டது. இரண்டும் ஒரே நாளில் விழக்கூடாது தாயே என்பதுதான் தினமும் என் வேண்டுதல். அம்மனும் காப்பாற்றிக்கொண்டே வந்தாள்.

ஒரு முறை, எங்கள் நாள் செக்கிங்குக்கு முந்தின நாள் என்று இருந்தது. நெருக்கம்தான், ஆனால் சமாளிக்கலாம். அப்போது குப்பத்தில் ஒரு பெரியவர் செத்துப்போனார். படுத்த படுக்கையாக இருந்தவர், கல்யாணச் சாவு என்று மேளம் வைத்தார்கள். எங்கள் குப்பத்தில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கிற வரை யாரும் ஏரியில் இறங்க மாட்டோம். அன்றைய முறை மறுநாளுக்குப் போகும். அதற்குப் பிறகு உள்ள எல்லாருக்கும் ஒரு நாள் தள்ளும்.

சாவு வீட்டில் உட்கார்ந்து மாரடித்துக்கொண்டிருந்தபோதுதான், எங்கள் நாளும் செக்கிங்கும் ஒரே நாளாகிவிட்டது எனக்கு உறைத்தது. கை அப்படியே நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி காதருகில், "இன்னாடி, செத்தவரு உனக்கு அம்மாம் ஒறவா? மொகம் வெளுத்துப்போச்சி" என்றாள். செத்தவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

முறையை மாற்றிக்கொள்ளக் கேட்டுப் பார்த்தோம். சீட்டில் விழுந்ததை மாற்றுகிற வழக்கம் இல்லை. வேறு கூலி ஆள் தேடினோம். அண்ணன் மகன் இருக்கும்போது வெளியாள் கோலைத் தொட எவனுக்கும் மனசு வரவில்லை.

அந்தக் காலை மருமகன் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினான். "செக்கிங் பத்து மணிக்குத் தொடங்கிடும் மாமி. நான் மத்தியானத்துக்குள்ள வந்திடுவன். மாமாவை மட்டும் படகில ஏத்தி வையுங்கோ." தண்ணீர் வற்றத் தொடங்குவது மத்தியானத்துக்குப் பிறகுதான். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரியின் மகன்கள் இவரைத் தூக்கிப் படகில் வைத்தார்கள். படகு கரையோரமாகவே நின்றது. பாடும் எதிரில், கூப்பிடு தூரத்தில். கோல் படகில் கிடந்தது. மகள் இடுப்பில் குழந்தையும் காதில் போனுமாக நின்றாள். அதிகாரி இன்னும் வரவில்லை என்று மருமகன் முதலில் சொன்னான். பிறகு, வந்துவிட்டார், ஆனால் கடைசி வரிசையிலிருந்து ஆரம்பித்திருக்கிறார் என்றான். வெயில் சாய ஆரம்பித்தது. கரை ஓரத்தில் ஈரக் கோடு தெரிந்தது. தண்ணீர் இறங்கிவிட்டது. பெண்களும் ஆண்களுமாகக் கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பெரியதனக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம். அப்புறம் அது என் கையில இல்ல" என்றார். அவர் பொறுத்திருக்க வேண்டிய நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. அது எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை.

மகள் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "வரிசைய வுட்டுட்டு வந்துடவான்னு கேக்குறாரு. இன்னா சொல்லட்டும்மா?"

வா என்று சொன்னால் அவன் பேர் போகும். நாளைக்கு அவன் யார் என்று கேட்டால் சொல்ல ஒரு காகிதம் இருக்காது. வராதே என்றால் இந்த இடம் போகும். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தேன். நீலம் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. மகள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளே போனில் சொன்னாள்: "நீ நில்லு. கையெழுத்துப் போட்டுட்டே வா."

அப்போது அண்ணன் மகன் கூட்டத்திலிருந்து வந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். படகைப் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினான். கோலை எடுத்து நிமிர்த்தினான். ஆனால் அவன் கோலை இறக்கவில்லை.

"சின்ன நைனா, கைய வெய்யி. நான் எறக்குறேன். கூலிக்குத்தான். போதுமா?"

இவர் பாலத்துப் பக்கம் பார்த்தார். ரோட்டில் பஸ் இல்லை. மகளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். என்னைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. வலது கை படகு விளிம்பில் இருந்தது.

"கைய வெய்யி நைனா. நானே தூக்கி வெக்கட்டுமா?"

இவர் வலது கையை எடுத்தார். எடுத்து, உயிரில்லாத இடது கையின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் மகன் கோலைப் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றான். பிறகு முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு அதை இறக்கினான். பெரியதனக்காரர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். என் மகள் அழவில்லை. குழந்தையின் தலையில் இருந்த மணலைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

வலை பாதி கட்டியிருந்தபோது மருமகன் பாலத்திலிருந்து ஓடி வந்தான். செக்கிங்குக்கு என்று தேய்த்துப் போட்ட சட்டை அப்படியே இருந்தது. கோலைப் பார்த்தான், யார் தண்ணீரில் நிற்கிறார்கள் என்று பார்த்தான். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான்.

"மச்சான், அந்தப் பக்கம் புடி" என்றான் அண்ணன் மகன். அவனை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டு பேரும் சேர்ந்து வலை கட்டி முடித்தார்கள். இவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தது மருமகன்தான்.

வீட்டில் கஞ்சி ஊட்டும்போது அவராகவே குழறிக் குழறிச் சொன்னார். "எத்தினி நாளைக்கி... நீயும் காலண்டரப் பாத்துகினே இருப்பே. அவன் பஸ்ஸப் புடிச்சிகினே இருப்பான். இவன் இங்கயே கீறான்." அப்புறம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இனிமேல் குப்பத்தில் என்ன வேலை என்று முகாமில் சொல்லிவிட்டு மருமகன் வருவான்? மகள் ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு மூட்டை கட்டினாள். நான் தடுக்கவில்லை, எதைச் சொல்லித் தடுப்பேன். பக்கத்து வீட்டுக்காரி பஸ் நிறுத்தம் வரை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

இப்போது என் மகள் முகாமில் ஒரு அறை வீட்டில், சம்பந்தியம்மாளோடு இருக்கிறாள். அவள் பேர் அங்கே பதிவில் இல்லை. அதனால் அவள் பங்குக்கு அரிசி வராது, இருக்கிற அரிசியில்தான் அவளுக்கும். அங்கேயும் சிலர், "இந்தியப் பிள்ளை, அவவுக்கென்ன, தாய் வீடு இருக்குதுதானே" என்கிறார்களாம். இங்கே அவன் அதிகத் தலை என்றோம். அங்கே என் மகள் அதிக வயிறு. சம்பந்தியம்மாள் மட்டும் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. தான் பிந்திச் சாப்பிட்டுக்கொள்வாள், அது எனக்குத் தெரியும்.

நான் போகும்போது வாசலில் யார், யாரைப் பார்க்க என்று சொல்லி, காத்திருந்து உள்ளே போக வேண்டும். சாயங்காலம் ஆனால் கிளம்பச் சொல்வார்கள். கருவாடு கொண்டுபோவேன். பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். "அம்மம்மா, போயிட்டு வாங்கோ" என்று கம்பிக்கு உள்ளேயிருந்து கை காட்டுவாள். நான் அதிக நேரம் தங்க முடியாது. இவரைத் திருப்பிப் படுக்கவைக்க நான்தான் வர வேண்டும். இங்கே இருக்கும்போது மனசு அங்கே, அங்கே இருக்கும்போது மனசு இங்கே. பஸ்ஸில் இருக்கிற நேரத்தில்தான் எனக்கு நிம்மதி என்றால் நம்புவீர்களா. திருப்பாலைவனம் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டு அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அண்ணன் மகன் முறை வருகிற நாளில் ஒரு கூடை இறால் என் வாசலில் வைத்துவிட்டுப் போவான். கேட்காமலே வைப்பான். அதில் பாதியை நான் முகாமுக்குக் கொண்டுபோவேன் என்று அவனுக்குத் தெரியும். பெரிய இறாலாகப் பார்த்துத்தான் வைக்கிறான்.

அந்த பஸ்ஸில்தான் இந்தக் கதையை வேறு ஆட்கள் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். முகாம்காரன் ஒருவன் குப்பத்தில் பெண் கட்டிப் பாட்டைப் பறிக்கப் பார்த்தான், ஊர் சேர்ந்து துரத்திவிட்டது என்று ஒருவர் சொன்னார். அகதிப் பையனைக் குப்பத்துக்காரர்கள் அடித்து விரட்டினார்கள் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டுமே நடக்கவில்லை. நான் பக்கத்து சீட்டில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரென்று தெரிந்தால் பேச்சு வளரும் என்ற பயம்.

அதனால் ஒரே ஒரு வேண்டுதல். இதைப் படித்தவர்கள் வேறு யாருக்காவது சொல்வதானால் நடந்தபடியே சொல்லுங்கள். அழகுக்காகக்கூட ஒன்றும் சேர்க்க வேண்டாம். அவன் பறிக்க வரவில்லை, சட்டையை நனைத்துக்கொண்டு வலை கட்டினான் என்று சொல்லுங்கள். அண்ணன் மகன் கோலைப் பிடித்துக்கொண்டு கை வைக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டான், அதை விட்டுவிடாதீர்கள். பெரியதனக்காரர் மணலில் உட்கார்ந்து பொறுத்திருந்ததையும் சொல்லுங்கள். என் வீட்டுக்காரர் கையை எடுத்துக்கொண்டார். ஏன் என்று நீங்களாக ஒரு காரணம் சொல்லாதீர்கள். எனக்கே இன்னும் முழுதாகத் தெரியாது.